வெள்ளைப் புகை வந்தாச்சு: புதிய போப் 14ஆம் லியோவைப் பார்த்ததும் உங்களுக்கு முதலில் என்ன தோன்றியது?

மணியடிப்பவன் | 8 மே 2025, இரவு 11:48

இன்று இரவு எங்கள் வீட்டு டிவியில் முழுக்க இந்தியா-பாகிஸ்தான் சண்டைச் செய்திதான். ஜம்முவில் ட்ரோன், தர்மசாலாவில் விளக்கை அணைத்து ஐபிஎல் ஆட்டத்தையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். அப்பா சேனலை மாற்றவே விடவில்லை. நான் திண்ணையில் உட்கார்ந்து மொபைலில் சிஸ்டைன் சிற்றாலயக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புகைக்குழாய் பக்கத்தில் ஒரு கடற்புறா குஞ்சோடு உலாத்திக்கொண்டிருந்தது. நம் நேரம் 9:37 வாக்கில் குப்பென்று புகை. வெள்ளை. புது போப்பைத் தேர்ந்தெடுத்தாயிற்று என்று அர்த்தம்.

எங்கள் கோயிலில் மணி அடிப்பது என் வேலை. பங்குச் சாமியிடம் கேட்கக்கூட இல்லை, ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் பாதித் தெரு வாசலில் நிற்கிறது. "குண்டு போட்டுட்டானா? விளக்கை அணைக்கணுமா?" என்று ஒரு பாட்டி கேட்கிறார். "இல்ல பாட்டி, போப்பாண்டவர் வந்துட்டார்" என்றேன். "எங்க, நம்ம ஊருக்கா?" என்றார்.

கர்தினால் மம்பெர்தி பேராலய மாடத்தில் நின்று புதியவரின் பேரை வாசித்தபோது எங்கள் அன்பியக் குழுவில் (தெருவாரிச் செபக் குழு) ஒருவருக்கும் புரியவில்லை. லியோ என்று பேர் எடுத்துக்கொண்ட இந்த ப்ரெவோஸ்ட் யார்? நாங்கள் எல்லோரும் பிலிப்பீன்ஸ் கர்தினால் தாக்லேவுக்காகச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள். பத்தரை தாண்டி, பதினொன்று ஆகப்போகும் நேரத்தில் புதிய திருத்தந்தை மாடத்துக்கு வந்தார். முதல் வார்த்தை, "உங்கள் அனைவரோடும் அமைதி இருப்பதாக." உள்ளே டிவியில் ஏவுகணை, என் கையில் இந்த வார்த்தை. அதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

தைபர்கரை | 9 மே 2025, அதிகாலை 3:20

தம்பி, நான் அங்கேயே இருந்தேன். ரோமில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. சாயங்காலம் அவரே, "போ, போய்ப் பார், எனக்கும் சேர்த்துப் பார்த்துவிட்டு வா" என்று விரட்டிவிட்டார். சதுக்கத்துக்குப் போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை, புகை.

டிவியில் பார்த்தவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பேரைச் சொன்னதும் என்னைச் சுற்றி ஆரவாரமே இல்லை. "யாரு? யாரு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு முன்னால் நின்ற இத்தாலியத் தாத்தா, இத்தாலியக் கர்தினால் பரோலின் பேரை எதிர்பார்த்தவர் போல, "அமெரிக்கனா?" என்று முகத்தைச் சுளித்தார். அப்புறம் திருத்தந்தை நல்ல இத்தாலியனில் பேச ஆரம்பித்தார், தாத்தா முகம் கொஞ்சம் இளகியது. நடுவில் இத்தாலியனை விட்டு ஸ்பானியத்துக்கு மாறி, பெருவிலுள்ள தன் சிக்லாயோ மறைமாவட்டத்து மக்களுக்கு வாழ்த்துச் சொன்னார் பாருங்கள், எனக்கு இடப்பக்கம் நின்ற பெரு நாட்டுப் பெண்கள் நான்கு பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அழுதார்கள். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பின்னால் நின்ற அமெரிக்கப் பையன்கள் கடைசிவரை காத்திருந்தார்கள், பாவம்.

கடைசியில் அருள் நிறைந்த மரியே சொன்னோம், எல்லோரும் அவரவர் மொழியில். நான் தமிழில் சொன்னேன்.

பழையபூசை | 9 மே 2025, காலை 6:05

நான் பார்த்தது ஒன்றே ஒன்று. சிவப்பு மொசெட்டா, அதாவது தோளை மூடும் குட்டை மேலாடை! அதன்மேல் பூவேலைப்பாடு செய்த தோள்துகில்! 2013இல் பிரான்சிஸ் வெறும் வெள்ளை அங்கியோடு வந்து நின்றதிலிருந்து இந்தச் சிவப்புத் துணிக்காகப் பன்னிரண்டு வருடம் காத்திருந்தேன். ஊருக்கும் உலகுக்குமான ஆசீரை லத்தீனில் பிசிறில்லாமல் சொன்னார். திருச்சபை தன் நினைவுக்குத் திரும்பிவிட்டது.

2021இல் பழைய லத்தீன் பூசைக்குப் பூட்டுப் போட்டார்களே, இனி அந்தப் பூட்டு திறக்கும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மணியடிப்பவன் | 9 மே 2025, காலை 6:40

அண்ணே, துணியைப் பார்த்தீர்கள் சரி. அந்தத் துணியைப் போட்டுக்கொண்டு என்ன பேசினார் என்றும் கேட்டீர்களா? பிரான்சிஸுக்கு நன்றி சொன்னார், உயிர்ப்பு ஞாயிறன்று தளர்ந்த குரலில் அவர் கொடுத்த ஆசீரை நினைவுகூர்ந்தார், எல்லோரும் சேர்ந்து நடக்கும் திருச்சபை வேண்டும் என்றார். அதெல்லாம் உங்கள் காதில் விழவில்லையா?

பழையபூசை | 9 மே 2025, காலை 6:52

விழுந்தது. நன்றி சொல்வது மரியாதை. அதற்கு மேல் அதில் எதையும் தேடாதீர்கள்.

வேடிக்கைபார்ப்பவன் | 9 மே 2025, காலை 9:15

நான் கிறிஸ்தவன் இல்லை, பள்ளிக்கூடம் மட்டும் சிஸ்டர்களிடம் படித்தேன். கேட்கலாமா? ஓட்டு எப்படி எண்ணுகிறார்கள்? புகைக்கு உள்ளே என்ன போடுகிறார்கள், வைக்கோலா? அப்புறம் ஒரு வாட்ஸப் செய்தி, ஏதோ மலாக்கி தீர்க்கதரிசனமாம், இவர்தான் கடைசி போப், உலகம் முடியப்போகிறது என்று. வீட்டுக் கடன் இன்னும் பன்னிரண்டு தவணை இருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

உபதேசியார்மகன் | 9 மே 2025, காலை 11:30

தம்பி, தவணையைத் தவறாமல் கட்டுங்கள்.

மலாக்கி பட்டியல் 1595இல்தான் அச்சில் வந்தது. அதை எழுதியதாகச் சொல்லப்படும் அயர்லாந்துப் பேராயர் மலாக்கி இறந்ததோ 12ஆம் நூற்றாண்டில். அதில் இருப்பது போப்புக்கு ஒன்றாக 112 வரிகள். அதை நம்புகிறவர்கள் 16ஆம் ஆசீர்வாதப்பருக்கு (பெனடிக்டைச் சொல்கிறேன், எனக்குப் பழைய வாய்) 111ஆவது வரியையும், பிரான்சிஸுக்குக் கடைசி வரியையும் கொடுத்துவிட்டார்கள். ஆக அந்தக் கணக்குப்படியே உலகம் போன மாதம் முடிந்திருக்க வேண்டும். இவர் பட்டியலிலேயே இல்லை!

ஓட்டு விஷயம். உள்ளே போன கர்தினால்கள் 133 பேர். தகுதியுள்ளவர்கள் 135, இரண்டு பேர் உடல்நலம் சரியில்லாமல் வரவில்லை. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது 89 ஓட்டு. சீட்டில் பேரை எழுதி, மடித்து, பீடத்தருகே போய்ப் பாத்திரத்தில் போடுவார்கள். எண்ணும்போது ஒவ்வொரு சீட்டையும் உரக்க வாசித்து, சீட்டின் மேலே அச்சிட்டிருக்கும் 'எலிகோ' (தேர்ந்தெடுக்கிறேன்) என்ற சொல்லின் மேல் ஊசியைக் குத்தி நூலில் கோப்பார்கள். பூ கட்டுகிற மாதிரிதான். பிறகு எல்லாம் அடுப்புக்குள். முன்பு ஈர வைக்கோல் கதை உண்டு. இப்போது மருந்துதான்: கறுப்புக்குப் பொட்டாசியம் பெர்குளோரேட், ஆந்த்ரசீன், கந்தகம், வெள்ளைக்குப் பொட்டாசியம் குளோரேட், லாக்டோஸ், பைன் மரப் பிசின். 7ஆம் தேதி மாலை ஆரம்பித்து, நான்காவது சுற்றில் முடித்துவிட்டார்கள். இந்தியாவிலிருந்து நான்கு பேர் ஓட்டுப் போட்டார்கள்: கோவா பிலிப் நேரி ஃபெராவ், திருவனந்தபுரம் பசேலியோஸ் கிளீமிஸ், ஹைதராபாத் அந்தோணி பூலா, வத்திக்கானிலேயே வேலை பார்க்கும் ஜார்ஜ் கூவக்காட்.

இப்போது என் விஷயம். எல்லோரும் லியோ லியோ என்கிறீர்கள். நம் முன்னோர் இந்தப் பேரை அப்படியே விடவில்லை. லியோ என்றால் சிங்கம், ஆகவே சிங்கராயர்! பீட்டரை இராயப்பர் ஆக்கி, ஜானை அருளப்பர் ஆக்கி, பயஸைப் பத்திநாதர் ஆக்கிய அதே கை. என் தாத்தா பெயர் சிங்கராயன். நேற்று இரவு அந்தப் பேரைக் கேட்டதும் எனக்கு ரோம் ஞாபகம் வரவில்லை, தாத்தாவின் குடுமிதான் ஞாபகம் வந்தது. 14ஆம் சிங்கராயர் வாழ்க.

13ஆம் சிங்கராயருக்கும் நம் மண்ணுக்கும் கணக்கு உண்டு. 1886இல் இந்தியாவுக்கு முறையான ஆயர் ஆட்சியமைப்பை ஏற்படுத்தியவர் அவர்தான். 1893இல் இந்திய நாட்டுக் குருக்களை இங்கேயே உருவாக்க வேண்டும் என்று சுற்றுமடல் எழுதி, கண்டியில் குருமடமும் தொடங்கச் செய்தார். "இந்தியாவே, உன் பிள்ளைகளே உன் மீட்பின் பணியாளர்கள்" என்பது அதன் முழக்கம். வெள்ளைக்காரச் சாமிகள் கை ஓங்கியிருந்த காலத்தில் அப்படிச் சொன்னது சின்ன விஷயம் இல்லை.

கரையூர்மகள் | 9 மே 2025, பகல் 1:10

ஐயா, அந்தக் குருமடம் கண்டி அம்பிட்டியவில் இருந்தது. 1955இல் பூனேவுக்கு மாற்றிவிட்டார்கள், கட்டடத்தில் இப்ப எங்கட தேசிய குருமடம் நடக்குது.

நாங்கள் பாப்பரசர் என்றுதான் சொல்லுறது. திருத்தந்தை என்று எழுதினால் எங்கட அம்மம்மாவுக்கு யாரென்றே விளங்காது. எங்கட கர்தினால் மல்கம் ரஞ்சித்தும் உள்ளே இருந்தவர், எங்கட ஆக்கள் சிலர் அவர் வந்தால் எப்படியிருக்கும் என்றுகூடக் கதைத்தார்கள். எனக்குத் தோன்றியதைச் சொன்னால் சிரிக்கக்கூடாது. முப்பது வருஷம் சண்டை பார்த்த ஆள் நான். அவர் "ஆயுதம் களைந்த அமைதி, ஆயுதம் களையச் செய்யும் அமைதி" என்று சொன்னவுடன் நான் பாப்பரசரைப் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்த மகளைப் பார்த்தேன். அவளுக்கு அந்தச் சொல் வெறும் சொல். நல்லதுதான்.

மிச்சிகன்ஏரி | 9 மே 2025, இரவு 9:40

சிகாகோவிலிருந்து. புகை வந்தபோது இங்கே காலை 11 மணி. சிக்லாயோவிலும் அதே 11 மணிதான், இந்த மாதத்தில் இரண்டு ஊருக்கும் ஒரே கடிகாரம். அலுவலகத்தில் பேர் வந்ததும் முதல் ஐந்து நிமிடம் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. அமெரிக்கனைப் போப் ஆக்கவே மாட்டார்கள் என்பது இங்கே வேதவாக்கு, வல்லரசுக்காரன் கையில் திருச்சபைச் சாவியையும் கொடுப்பார்களா என்று.

ஆறாவது நிமிடம் விவாதம் எதைப் பற்றித் தெரியுமா? கருத்தடையா, பெண் குருத்துவமா? இல்லை. எங்கள் ஊரின் இரண்டு பேஸ்பால் அணிகளில் அவர் வடக்குப் பக்கத்துக் கப்ஸ் அணியா, தெற்குப் பக்கத்து வைட் சாக்ஸ் அணியா! கப்ஸ் ரசிகர்கள் முந்திக்கொண்டு உரிமை கொண்டாடிவிட்டார்கள். அவருடைய அண்ணன் டிவியில் வந்து, "அவன் எப்போதும் வைட் சாக்ஸ்" என்று சொல்லி ஊதியதும் வடக்குச் சிகாகோ அடங்கிப்போனது. தெற்குப் பக்கத்துக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. 2005 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் பார்வையாளர் வரிசையில் அவர் உட்கார்ந்திருந்த பழைய வீடியோவைக்கூடத் தோண்டி எடுத்துவிட்டார்கள்.

மதியம் சிகாகோவை ஒட்டிய டோல்ட்டன் வரை காரில் போய்வந்தேன். அவர் வளர்ந்த வீடு சின்னச் செங்கல் வீடு, நம் ஊர் வீட்டுவசதி வாரிய வீடு மாதிரி. கொஞ்ச நாளாக விற்பனைக்கு இருந்ததாம். வாசலில் யாரோ பூங்கொத்து வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இன்னொரு பக்கம் ட்ரம்ப் ஆதரவாளர்கள் கொதிக்கிறார்கள். பிப்ரவரியில் அவர் பேரில் உள்ள எக்ஸ் கணக்கில், துணை அதிபர் வான்ஸ் சொன்ன 'அன்பின் வரிசை' (முதலில் குடும்பம், நாடு, பிறகுதான் மற்றவர்கள் என்பது) தவறு என்ற கட்டுரை பகிரப்பட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு 'மார்க்சியப் போப்' என்கிறார்கள். ட்ரம்போ நாட்டுக்கே பெருமை என்கிறார். ஒரு வாரம் முன்னால் தானே போப் உடையில் இருக்கிற மாதிரி ஏஐ படம் போட்டவர் அவர். எதை எடுத்துக்கொள்வது!

கேள்விக்குறி | 9 மே 2025, இரவு 11:55

எல்லோரும் மாலை போட்டாயிற்றா? ஒரு கசப்பான விஷயத்தை வைக்கிறேன், திட்டுகிறவர்கள் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

குருக்களால் பாதிக்கப்பட்டவர்களின் அமைப்புகள் தேர்தல் நடந்த அன்றே கேள்வி எழுப்பியிருக்கின்றன. ஒன்று, 2000இல் அவர் சிகாகோவில் தன் துறவற சபையின் மாநிலத் தலைவராக இருந்தபோது, குற்றச்சாட்டால் கட்டுப்பாட்டில் வைக்கப்பட்ட ஒரு குருவை, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலிருந்த சபை இல்லத்தில் தங்கவைத்தது. இரண்டு, சிக்லாயோவில் மூன்று பெண்கள் 2022இல் கொடுத்த புகார் சரியாக விசாரிக்கப்படவில்லை என்று அவர்கள் சொல்வது. நடைமுறைப்படியே செய்தோம் என்கிறது மறைமாவட்டம்.

நான் நீதிபதி இல்லை. ஆனால் புதுத் தலைவர் வந்த மகிழ்ச்சியில் இந்த மூன்று பெண்களும் எங்கே நின்று டிவி பார்த்திருப்பார்கள் என்று யோசித்தேன். எனக்கு முதலில் தோன்றியது அது.

உபதேசியார்மகன் | 10 மே 2025, காலை 7:10

திட்டமாட்டேன். கேட்க வேண்டிய கேள்விதான். கூடவே இதையும் வைக்கிறேன். பெருவில் சொதாலிசியோ என்ற செல்வாக்குள்ள கத்தோலிக்க அமைப்பின் கொடுமைகளைப் பல வருடம் உயிரைப் பணயம் வைத்து வெளியே கொண்டுவந்த பத்திரிகையாளர்கள், தங்கள் பக்கம் நின்ற ஆயர்களில் ஒருவர் என்று இவரைச் சொல்கிறார்கள். அந்த அமைப்பை இந்த வருடம் கலைத்தே விட்டார்கள். இரண்டும் ஒரே மனிதரைப் பற்றிய செய்திதான்.

கேள்விக்குறி | 10 மே 2025, காலை 7:30

ஏற்கிறேன் ஐயா. ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்காதவரை சரி.

மணியடிப்பவன் | 10 மே 2025, மாலை 6:20

எனக்கு ஒரு வேடிக்கை தெரிகிறது. பழையபூசை அண்ணனுக்கு அவர் சிவப்பு மொசெட்டா. சிகாகோக்காரருக்கு வைட் சாக்ஸ். பெரு நாட்டுக்காரர்கள் பழைய படங்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்: வெள்ளத்தில் ரப்பர் பூட்ஸ் போட்டு நிற்பது, கொரோனாவில் ஆக்சிஜன் ஆலைக்குப் பணம் திரட்டியது. 2015லேயே அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியவர், எங்கள் ஆள் என்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. கேரளத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா, சபைத் தலைவராக இருந்தபோது இங்கே வந்திருக்கிறார் என்று படம் போடுகிறார்கள். ஐயாவுக்கோ தாத்தாவின் குடுமி. அந்த மனிதர் மாடத்தில் நின்று கையில் வைத்திருந்த தாளைப் பார்த்து வாசித்தது பத்து நிமிடத்துக்கும் குறைவு. அதற்குள் ஆளுக்கு ஒரு போப் செய்துகொண்டோம்.

பேரின் காரணத்தை இன்று அவரே கர்தினால்களிடம் சொல்லிவிட்டார். 1891இல் 13ஆம் லியோ 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடல் எழுதி ஆலைத் தொழிலாளியின் கூலிக்கும் சங்கத்துக்கும் பேசினார். இன்று செயற்கை நுண்ணறிவு இன்னொரு தொழிற்புரட்சி, மனித மாண்பும் வேலையும் நீதியும் கேள்விக்குள்ளாகின்றன, அதனால் இந்தப் பேர் என்று. கணிதப் பட்டதாரி அல்லவா, ஏஐ பற்றிப் பேச அவருக்கு வாய் கூசவில்லை. மொசெட்டாவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அண்ணே. 🙂

பழையபூசை | 10 மே 2025, மாலை 6:31

வைட் சாக்ஸைப் பற்றியும் சொல்லவில்லை. 🙂

தைபர்கரை | 11 மே 2025, மாலை 5:45

இன்று ஞாயிறு நண்பகல் செபத்துக்கும் போய்விட்டு வந்தேன். விண்ணக அரசியே செபத்தைச் சொல்லவில்லை, பாடினார்! நல்ல குரல். அப்புறம் உக்ரைன், காசா எல்லாம் சொல்லிவிட்டு, இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே போர்நிறுத்தம் வந்தது மகிழ்ச்சி என்றார். "இந்தியா" என்ற சொல் காதில் விழுந்ததும் நான் கத்திவிட்டேன். தள்ளி நின்ற ஒரு பையன், ஆள் பாகிஸ்தானி, திரும்பிப் பார்த்துச் சிரித்தான். லாகூர் பக்கத்துக் கத்தோலிக்கனாம். அவன் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு என்னையும் காட்டினான். அந்த அம்மா என்ன பேசினார் என்று எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, கும்பிட்டார், நானும் கும்பிட்டேன்.

இன்னொரு செய்தி. கான்கிளேவில், அதாவது அந்தத் தேர்தல் கூட்டத்தில், கர்தினால் தாக்லேவுக்கு அவருக்கு அடுத்த இருக்கையாம். ஓட்டு ஏற ஏற லியோ பெருமூச்சு விடுவதைப் பார்த்து, "மிட்டாய் வேண்டுமா?" என்று கேட்டுத் தாக்லே கொடுத்தாராம். தம்பி, உங்கள் அன்பியக் குழு செபமாலை வீணாகவில்லை, மிட்டாயாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வேடிக்கைபார்ப்பவன் | 11 மே 2025, இரவு 8:00

அக்கா, இந்த இழையிலேயே இதுதான் எனக்குப் புரிந்த ஒரே இறையியல்.

மிச்சிகன்ஏரி | 2 நவம்பர் 2025, காலை 8:15

பழைய இழையைக் கிளறுகிறேன், மன்னிக்கவும். டோல்ட்டன் வீட்டை ஜூலையில் அந்த ஊர் நிர்வாகமே 3,75,000 டாலருக்கு வாங்கிவிட்டது. இங்கே ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் நாள் கோபக்காரர்கள் கொஞ்சம் இறங்கியிருக்கிறார்கள், முதல் நாள் கொண்டாடியவர்கள் கொஞ்சம் முணுமுணுக்கிறார்கள். பழையபூசை அண்ணே, பூட்டு திறந்ததா?

பழையபூசை | 2 நவம்பர் 2025, மதியம் 2:40

அக்டோபர் 25 அன்று பேதுரு பேராலயத்தில் கர்தினால் பர்க் பழைய முறையில் பூசை வைத்தார், திருத்தந்தையின் அனுமதியோடு. ஜூலையில் காஸ்தல் கந்தோல்போ கோடை மாளிகைக்கும் போனார். அதெல்லாம் சந்தோஷம். ஆனால் 2021 சட்டம் அப்படியே இருக்கிறது. அக்டோபரில் ஏழைகளைப் பற்றி அவர் வெளியிட்ட மடலோ பிரான்சிஸ் ஆரம்பித்து வைத்துவிட்டுப் போனது. படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் யாரும் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட்டேன்.

மணியடிப்பவன் | 2 நவம்பர் 2025, இரவு 9:05

எங்கள் ஊர் நிலவரம். மே 9 காலைப் பூசையில் சாமி நற்கருணை மன்றாட்டில் "எங்கள் திருத்தந்தை பிரான்சிஸ்" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றார். திருத்தந்தை இல்லாத பதினேழு நாள் பேரே சொல்லாமல் கவனமாகத் தாண்டியவர், பேர் வந்த மறுநாள் மாட்டிக்கொண்டார். முன்வரிசையிலிருந்து ஒரு பீடச்சிறுவன் "லியோ, லியோ" என்று எடுத்துக்கொடுத்தான். இப்போது பழகிவிட்டது.

சக்ரீஸ்து அறையில் (சாமி பூசைக்கு உடை மாற்றும் அறை) மாட்டியிருக்கும் படத்தை மாற்றத்தான் இவ்வளவு நாள் ஆனது. நேற்று, அனைத்துப் புனிதர் பெருவிழாவுக்குச் சுத்தம் செய்யும்போது கழற்றினேன். பின்பக்க அட்டையைப் பிரித்தால் பிரான்சிஸுக்குப் பின்னால் 16ஆம் பெனடிக்ட். அவருக்குப் பின்னால் இரண்டாம் யோவான் பவுல், ஓரம் கரையான் அரித்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் யாரோ புதுப்படத்தை முன்னால் செருகிவிட்டுப் பழையதை எடுக்காமலே மூடியிருக்கிறார்கள். நானும் லியோவை முன்னால் வைத்து மூடப் பார்த்தேன், சட்டத்துக்குள் இடம் போதவில்லை, கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது.

உபதேசியார்மகன் | 2 நவம்பர் 2025, இரவு 9:20

தம்பி, ஆழமான சட்டமாகப் பார்த்து வாங்குங்கள். எவ்வளவு ஆகும் என்று கேட்டுச் சொல்லுங்கள், தாத்தா பேரில் நான் தருகிறேன்.

மணியடிப்பவன் | 2 நவம்பர் 2025, இரவு 9:24

கடைக்காரர் 450 சொன்னார் ஐயா. 400க்குக் கேட்டுப் பார்க்கிறேன்.